ஈங்கோய்மலையில் ஒரு பகல்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆறு பார்க்கப் போவது செட்டிநாட்டுக்காரர்களுக்கு ஒரு தனிக் காரியம். நம்மிடம் ஊருணிகள் உண்டு, கண்மாய்கள் உண்டு, கூரையில் விழும் மழையைச் சிந்தாமல் நடுமுற்றமாகிய வளவுக்குள் இறக்கிப் பிடித்துக்கொள்ளும் வீடுகள் உண்டு. தேனாறு, மணிமுத்தாறு, பாம்பாறு என்று அழகான பெயர்களோடு ஆறுகளும் உண்டு; ஆனால் அவற்றில் தண்ணீர் ஓடுவதைக் காண மழைக்காலத்தில் நாள் பார்த்துத்தான் போக வேண்டும். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிநாட்டுக்கு வந்தவர்கள் என்பது நகரத்தார் மரபு. காவிரி கடலில் கலக்கும் ஊரை விட்டு வந்தவர்கள் இந்தச் செம்மண்ணில் ஊருணி வெட்டிக்கொண்டார்கள் என்று நினைக்கும்போதெல்லாம், பழைய ஆற்றை ஒரு தரம் மேலிருந்து கண்ணாரப் பார்த்துவிட்டு வரலாமே என்று எனக்குத் தோன்றும்.

சொந்தக் காரோ வாடகைக் காரோ இல்லாமல், ரயிலையும் பேருந்தையும் மட்டுமே நம்பி, காலையில் காரைக்குடியிலிருந்து கிளம்பி, காவிரியை ஒரு மலையுச்சியிலிருந்து பார்த்துவிட்டு அன்றிரவே வீடு திரும்புவது எப்படி என்பதையே இன்று சொல்ல வந்திருக்கிறேன். நான் சொல்லும் மலை, முசிறிக்கு மேற்கே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், நாமக்கல் சாலையோரம் நிற்கும் திருஈங்கோய்மலை. அகத்தியர் ஈ வடிவில் வந்து வழிபட்டதால் இந்தப் பெயர் வந்தது என்பது தலக்கதை.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கு உண்டு: காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தி ஈங்கோய்நாதர். காவிரியின் தென்கரையில் குளித்தலைக் கடம்பவனநாதரைக் காலையிலும், குளித்தலைக்குத் தெற்கே 1017 படிகள் கொண்ட அய்யர்மலை இரத்தினகிரிநாதரை உச்சிப்பொழுதிலும், ஆற்றைக் கடந்து வடகரையில் ஈங்கோய்மலையை அந்தியிலும் ஒரே நாளில் வழிபட வேண்டும் என்பது அதன் பொருள். மூன்றும் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள். அய்யர்மலைக்கு நம் காதுக்கு இனிக்கும் ஒரு கதையும் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் பதினொருவர் அங்கே தங்கிப் பணத்தைப் பங்கு பிரித்தபோது, எத்தனை முறை பிரித்தாலும் பன்னிரண்டு பங்காகவே வந்ததாம். கடைசியில் அந்தப் பன்னிரண்டாவது பங்குதாரர் மலைமேல் இருக்கும் சுவாமியே என்று அறிந்துகொண்டார்களாம். கணக்கில் ஆண்டவனையே கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்ட இந்தக் கதையை எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் சொன்னபோது, வரவில் மட்டும்தான் பங்கா, செலவிலும் உண்டா என்று அவர் கேட்டார்.

வழக்கு சொல்லும் ஒழுங்கு உள்ளூர்க்காரர்களுக்குச் சரி. காரைக்குடியிலிருந்து போகும் நமக்கு மூன்றையும் ஒரே நாளில் அடக்குவது, இயலாதது என்று சொல்ல மாட்டேன், வீண் அவதி. உச்சிப்பொழுதில் வெறுங்காலோடு ஆயிரம் கற்படிகள் ஏறியவன் மாலையில் இன்னொரு மலை ஏறும்போது ஆற்றைப் பார்க்கும் நிலையில் இருக்க மாட்டான். அதுவுமன்றி, அய்யர்மலை ஆற்றிலிருந்து தள்ளி நிற்பதால் அங்கிருந்து காவிரி தொலைவில் ஒரு கீற்றாகவே தெரியும். ஈங்கோய்மலையோ ஆற்றை அடுத்தே நிற்கிறது. ஆகவே அய்யர்மலையை வேறொரு நாளுக்கு ஒதுக்கிவிட்டு, குளித்தலை, பாலம், ஈங்கோய்மலை என்ற மூன்றையும் வைத்துக்கொள்வதே என் பரிந்துரை.

இனித் திட்டத்துக்கு வருகிறேன். இத்தகைய பயணத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். நான் இரவு வண்டியிலிருந்து தொடங்குகிறேன். சென்னையிலிருந்து பிற்பகலில் புறப்படும் பல்லவன் விரைவு வண்டி இரவில் திருச்சிக்கு வந்து, புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடியை அடைகிறது. அதைப் பிடிக்க 8 மணிக்கே திருச்சி சந்திப்பில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சத்திரம் பேருந்து நிலையத்தில் 7.15க்கு இறங்கியிருக்க வேண்டும்; அதற்கு முசிறியில் 5.45க்குப் பேருந்து ஏற வேண்டும். அதற்கு மலையடிவாரத்தில் 5.20க்கு நிற்க வேண்டும். அதற்கு மலையுச்சியிலிருந்து 4.45க்கே இறங்கத் தொடங்க வேண்டும். இந்த 4.45 என்னும் எண்ணை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ரயில் அட்டவணை அவ்வப்போது மாறும் என்பதால் கிளம்புமுன் ஒரு முறை பார்த்து, நேரம் மாறியிருந்தால் இந்தக் கணக்கை அதே வழியில் பின்னோக்கித் திருத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எந்த மாதம் என்பது. மேட்டூர் அணை பாசனத்துக்காக வழக்கமாக ஜூன் 12ஆம் நாள் திறக்கப்பட்டு ஜனவரி 28ஆம் நாள் மூடப்படும். நீர்வரத்தைப் பொறுத்து இது முன்பின் ஆகும். கோடையில் போனால் கரைக்குக் கரை மணலையே பார்த்துத் திரும்புவீர்கள். ஆவணியும் புரட்டாசியும் எனக்குப் பிடித்தமானவை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் படிகள் வழுக்கும். ஆடிப்பெருக்கன்று போகாதீர்கள், ஆற்றைவிட ஆட்களே அதிகம் தெரிவார்கள். தைப்பூசத்தன்று பல ஊர்ச் சுவாமிகள் குளித்தலையில் ஆற்றங்கரைக்கு எழுந்தருள்வதால் அன்றும் கூட்டம் மிகுதி. நம்மவர்களில் பாதிப்பேர் அன்று எப்படியும் பழனியில்தான் இருப்பார்கள்.

காலையில் போகவும் அதே பல்லவன்தான். விடியுமுன் காரைக்குடியிலிருந்து புறப்பட்டு ஏழு மணி வாக்கில் திருச்சி சந்திப்பைத் தொடுகிறது. பயணச்சீட்டு வாங்கும்போது பல்லவனுக்கு என்று சொல்லியே கேளுங்கள். இது சூப்பர்ஃபாஸ்ட் வகை வண்டி என்பதால், சாதாரணப் பயணிகள் வண்டிக்கு எடுத்த சீட்டோடு இதில் ஏறினால் பரிசோதகரிடம் அபராதம் கட்ட நேரும். நமனசமுத்திரம் தாண்டிப் புதுக்கோட்டை வருமுன் வண்டி வெள்ளாற்றைக் கடக்கும். ஒரு காலத்தில் சோழநாட்டுக்கும் பாண்டிநாட்டுக்கும் எல்லையாக இருந்த அந்த ஆறு, ரயிலில் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துபோகும்.

சந்திப்பில் இறங்கி, மத்தியப் பேருந்து நிலையம் வரை நடந்து, அங்கிருந்து நகரப் பேருந்தில் சத்திரம் போனால், கரூர் செல்லும் பேருந்துகள் குளித்தலை வழியாகப் போகும். இங்கே ஒரு சிறு யோசனை. பேருந்தில் வலப்புறச் சன்னலோரம் உட்காருங்கள். தென்கரையில் மேற்கு நோக்கிப் போகும்போது ஆறு வலப்புறம். மாலையில் முசிறியிலிருந்து வடகரை வழியாகக் கிழக்கு நோக்கித் திரும்பும்போதும் ஆறு வலப்புறமே. வழியெல்லாம் வாழைத்தோட்டமும் வாய்க்காலுமாக இருப்பதால் ஆறு விட்டுவிட்டுத்தான் கண்ணில் படும். பேட்டைவாய்த்தலை என்ற ஊர் வரும். அதன் அருகில்தான் உய்யக்கொண்டான் வாய்க்கால் காவிரியிலிருந்து பிரிகிறது. ஆற்றிலிருந்து வாய்க்கால் கிளம்பும் இடத்துக்கு வாய்த்தலை என்று பெயர். ஊர்ப்பெயரே தண்ணீர் கிளம்பும் இடத்தைச் சொல்லிவிடுகிறது.

ஒன்பதேகால் மணிக்குக் குளித்தலையில் இறங்கி, வடக்கு நோக்கிய சன்னிதியில் கடம்பவனநாதரைக் கும்பிட்டுவிட்டு, பத்து மணிக்குப் பாலத்துக்கு வந்துவிட வேண்டும். குளித்தலையையும் முசிறியையும் இணைக்கும் இந்தப் பாலம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம் கொண்டது. பேருந்தில் கடந்தால் சில நிமிடம். நடந்து கடந்தால்தான் இந்தப் பகுதிக்கு அகண்ட காவிரி என்று ஏன் பெயர் வந்தது என்பது காலுக்குத் தெரியும். பாதி தூரம் போன பிறகும் இருகரையும் ஒரே தொலைவில் இருப்பதுபோல் தோன்றும். தூணில் வந்து முட்டும் நீர் இரண்டாகப் பிளந்து, பின்புறம் சிறு சுழிகளாகச் சுற்றி, சற்றுத் தள்ளி மீண்டும் ஒன்றாகிப் போவதை நான் ஒரு முறை கால்மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். லாரி போகும்போது பாலம் காலடியில் மெல்ல அதிரும். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், ஓரமாக ஒருவர் பின் ஒருவராக நடங்கள். எவ்வளவு ஆசை வந்தாலும் அறியாத துறையில் ஆற்றில் இறங்க வேண்டாம். மணல் எடுத்த பள்ளங்கள் நீருக்கு மேலிருந்து பார்த்தால் தெரியாது.

முசிறிக் கரையை அடையும்போது வெயில் ஏறியிருக்கும். இனி மூன்று மணி வரை நடை வேண்டாம். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து கிளம்பிச் சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று பழனிக்கு நடப்பவர்கள், விடியலில் நடந்து, வெயிலில் தங்கி, பொழுது சாயும்போது மறுபடி கிளம்பும் முறையைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கிறார்கள். நாமும் பரிசல்துறைப் பக்கம் நிழல் பார்த்து உட்கார்ந்து, கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி வாழையிலையில் நாள் முழுதும் தாங்கும். தயிர்சாதம் பிற்பகலுக்குள் புளித்துவிடும். ஒரு சம்படத்தில் சீப்புச்சீடையும் மாவுருண்டையும் இருந்தால் மலையேறி இறங்கிய பின் உதவும். புளியோதரை கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு செய்தி: ஈங்கோய்மலையில் புளியமரமே கிடையாது என்பார்கள். பொன் கேட்டு வந்த சுந்தரரைக் காக்கவைத்து இறைவன் புளியமரத்தில் ஒளிந்துகொள்ள, சுந்தரர் சினந்து அந்த மரம் இங்கே இல்லாமல் போகட்டும் என்றாராம். புளியோதரைக்குத் தடை ஏதும் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை.

மூன்று மணிக்கு முசிறியில் தொட்டியம், நாமக்கல் பக்கம் போகும் பேருந்தில் ஏறி அடிவாரத்தில் இறங்கலாம். சீட்டு எடுக்கும்போதே நடத்துநரிடம் ஈங்கோய்மலை நிறுத்தம் என்று சொல்லி, அங்கே நிற்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தொலைதூர வண்டிகள் சில நிற்காமல் போய்விடும். மகளிர் 2021 முதல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிப் போகலாம். புறநகர் வண்டிகளுக்கு அது பொருந்தாது என்பதால், காத்திருக்க நேரம் இருந்தால் நகரப் பேருந்தைப் பாருங்கள்.

படிகள் ஐந்நூறுக்கு மேல். செருப்பில்லாமல் ஏறுவதே வழக்கம் என்பதால், தடித்த பருத்திக் காலுறை ஒரு சோடி பையில் இருக்கட்டும். பிற்பகல் மூன்றரை மணிக் கல் இன்னும் காலைச் சுடும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். கையில் தின்பண்டப் பொட்டலம் வேண்டாம், குரங்குகளுக்கு அது அழைப்பு. முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை, இறங்குவதற்குத்தான் அஞ்ச வேண்டும். ஒரு கைத்தடி அங்கே உதவும்.

நான்கு மணிக்கு மேலே இருப்பீர்கள். தெற்கு நோக்கி நின்றால், வலக்கைப் பக்கத்திலிருந்து இடக்கைப் பக்கம் வரை காவிரி விரிந்து கிடக்கும். கீழே பாலத்தில் நிற்கும்போது ஒரே வெள்ளமாகத் தெரிந்தது, மேலிருந்து பார்க்கையில் பல ஓட்டங்களாகப் பிரிந்து, நடுவே நாணல் முளைத்த மணல்திட்டுகளைச் சுற்றி மறுபடி சேர்வது தெரியும். கரையோரம் வாழையும் தென்னையும் கரும்பச்சைப் பட்டையாக நீளும். நீங்கள் நடந்து வந்த பாலம் இடப்புறத்தில் ஒரு நூல்போலக் கிடக்கும். அதன்மேல் பேருந்து ஊர்வதைப் பார்த்தால் காலையில் நாம் அங்கே பட்ட வெயிலை நம்ப முடியாது. ஆற்றுக்கு அப்பால், தெற்கே தனித்து நிற்கும் குன்று அய்யர்மலை.

சாயும் வெயில் மேற்கிலிருந்து நீரின்மேல் விழத் தொடங்கும் அந்த நேரத்தில்தான் உங்கள் சட்டைப்பையில் இருக்கும் 4.45 வேலை செய்ய வேண்டும். முதல் முறை போனபோது நான் அதை மதிக்கவில்லை. அந்தி ஈங்கோய்நாதர் என்று ஊரே சொல்லும்போது அந்தியைப் பார்க்காமல் இறங்குவதா என்று உட்கார்ந்துவிட்டேன். பார்த்தேன். ஆறு முழுதும் செம்பு உருக்கி ஊற்றியதுபோல் இருந்தது. அதில் எனக்குக் குறையொன்றுமில்லை. இருட்டில் படியைக் காலால் தடவித் தடவி இறங்கி, அடிவாரத்தில் அரைமணி நேரம் பேருந்துக்குக் கை காட்டி, முசிறியில் வண்டி மாறி, திருச்சி சந்திப்புக்கு ஓடியபோது ரயில் போய்விட்டிருந்தது. பேருந்தில் வந்தேன். காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது இரவு ஒன்றரை மணி. என் ஸ்கூட்டரோ காலையில் விட்டபடி ரயில் நிலையத்து வண்டி நிறுத்துமிடத்தில் இருந்தது. ஆட்டோ ஒன்றும் கிடைக்காமல் அங்கே நடந்து போய்ச் சேர்ந்தால், காப்பாளர் பூட்டிவிட்டுப் போய்விட்டார்.

ரயிலைத் தவறவிட்டால் பேருந்து உண்டு; ஆனால் திருச்சியில் வெளியூர்ப் பேருந்துகள் பலவும் 2025இல் திறக்கப்பட்ட பஞ்சப்பூர் முனையத்துக்கு மாறிவிட்டதால், சந்திப்பிலிருந்து அங்கே போகும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கத்து நேயர்கள் நள்ளிரவில் டவுன் பஸ்ஸை நம்பாமல், காலையில் நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டவரையே இரவிலும் வரச் சொல்லிவைப்பது நல்லது. வண்டியை நிலையத்தில் விட்டுப் போகிறவர்கள் இரவு எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று காப்பாளரிடம் காலையிலேயே கேட்டுக்கொண்டு, அவர் கிழித்துக்கொடுக்கும் சீட்டை 4.45 எழுதிய தாளோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.