இரண்டாவது அழைப்பு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

குருட்சேத்திரத்தில் மாண்டவர்களின் பழி யாரைச் சேரும் என்பது இன்றைய தலைப்பு. இந்தக் கேள்விக்கு மேடைகளில் வழக்கமாக வரும் பெயர்கள் துரியோதனன், சகுனி, கண்ணன். எதிரணிக்கு ஆள் கிடைத்தால் பாஞ்சாலியின் சிரிப்பும் சேர்ந்துகொள்ளும். இவர்களில் யாரையும் நான் முதல் குற்றவாளியாகச் சொல்லப் போவதில்லை.

முதலில் எத்தனை பேர் என்று பார்த்துவிடுவோம். அந்தக் காலத்துப் படை அளவான ஓர் அக்குரோணி என்றால் 21,870 தேர், அதே எண்ணிக்கையில் யானை, 65,610 குதிரை, 1,09,350 காலாள். கௌரவர் பக்கம் 11, பாண்டவர் பக்கம் 7. ஆக 18 அக்குரோணியில் காலாள் மட்டுமே 19,68,300. 18 நாளில் எல்லாம் முடிந்தது. பாண்டவர் ஐவர், கண்ணன், சாத்யகி என ஒரு பக்கம் ஏழு பேர், கிருபர், கிருதவர்மன், அசுவத்தாமன் என மறுபக்கம் மூன்று பேர், இவர்களோடு அணி மாறி வந்த யுயுத்சு. வீரர்களில் பெயர் சொல்ல மிஞ்சியவர்கள் இவ்வளவுதான். போர் முடிந்தபின் களத்தில் நின்று, "எத்தனை பேர் செத்தார்கள்?" என்று ஒருவர் தருமனைக் கேட்கிறார். 166 கோடியே 20 ஆயிரம் என்கிறான் தருமன். அக்குரோணிக் கணக்கோடு இது பொருந்தாது. அது கிடக்கட்டும். கேட்டவர் கௌரவர்களின் தந்தை, கண் தெரியாத அரசர் திருதராட்டிரன். நான் பேச வந்தது அவரைப் பற்றித்தான்.

ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். காரணம் வேறு, பழி வேறு. காரணம் தேடிப் போனால் பீஷ்மரின் சபதம் வரை போகலாம், சத்தியவதியின் தந்தை கேட்ட வாக்குறுதி வரை போகலாம், அதற்கும் பின்னால் போகலாம். அதற்கு முடிவே இல்லை. பழி என்பது, தடுக்கக்கூடிய இடத்தில் இருந்தவர், நடக்கப்போவது தெரிந்தவர், தடுக்காமல் விட்டாரா என்ற கேள்வி. இந்த அளவுகோல் என்னுடையதல்ல, காந்தாரியுடையது. நூறு பிள்ளைகளின் பிணங்களுக்கு நடுவே நின்று கண்ணனைச் சபிக்கிறாளே, அப்போது அவள் வைக்கும் வழக்கைக் கவனியுங்கள். உனக்குச் சக்தி இருந்தது, ஆள்பலம் இருந்தது, படை இருந்தது, இரு பக்கமும் உன் சொல் செல்லும், இருந்தும் வேண்டுமென்றே பாராமுகமாக இருந்தாய் என்கிறாள். அந்தத் தாய் வகுத்த அளவுகோல் மிகச் சரியானது. ஆனால் அதைக் கண்ணன்மேல் வைப்பதைவிட அவள் கணவன்மேல் வைத்தால் இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

சூதாட்டத்துக்கு வருவோம். பாண்டவர்களை அழைத்துவர விதுரனை அனுப்பியது திருதராட்டிரன். வேண்டாம், இது குலநாசம் என்று விதுரன் எதிரே நின்று சொன்னான். கேட்கவில்லை. துரியோதனனுக்குப் பதிலாகச் சகுனி காய் உருட்டினான். நாடு, தம்பிகள், தான் என்று ஒவ்வொன்றாக வைத்துத் தோற்ற தருமன் கடைசியில் பாஞ்சாலியை வைத்தான். அந்தக் கணத்தில் சபையின் முகங்களை வியாசர் காட்டுகிறார். பெரியவர்கள் சீ சீ என்கிறார்கள். பீஷ்மருக்கும் துரோணருக்கும் வியர்க்கிறது. விதுரன் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்துவிடுகிறான். கண் தெரியாத அரசர் மட்டும் மகிழ்ச்சியை மறைக்க முடியாமல், "ஜெயித்தாயிற்றா? ஜெயித்தாயிற்றா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். பிள்ளைப்பாசத்தால் வாயடைத்துப்போன அப்பாவிக் கிழவர் என்று நாம் பழகிவைத்திருக்கும் உருவத்துக்கு இந்தக் கேள்வி பொருந்தவே பொருந்தாது.

அடுத்து நடந்ததை நம் கூத்தும் பாட்டும் நமக்கு ஆழமாகப் பதித்துவிட்டன. துகிலுரிதல், அவிழ்ந்த கூந்தல், சபதம். பாரதியின் பாஞ்சாலி சபதம் சபதத்தோடு நின்றுவிடுகிறது. ஒரு காவியத்துக்கு அது சரியான முடிவுதான். ஆனால் அந்த முடிவிலேயே நம் நினைவும் நின்றுபோனதால், அதற்கு அடுத்த காட்சி நம் கண்ணில் படுவதில்லை. என் வழக்கு முழுவதும் அந்த அடுத்த காட்சியில் இருக்கிறது.

சபதங்கள் எழுந்தன, தீய சகுனங்கள் தெரிந்தன. அரசர் பயந்தார். பாஞ்சாலிக்கு வரம் தருகிறேன் என்றார். முதல் வரத்தில் தருமனின் விடுதலை, இரண்டாவதில் மற்ற நால்வரின் விடுதலை. மூன்றாவதைக் கேள் என்றபோது, போதும் என்று மறுத்துவிட்டாள். அதன்பின் தோற்ற நாட்டையும் செல்வத்தையும் அரசரே திருப்பிக் கொடுத்து, நடந்ததை மனதில் வைத்துக்கொள்ளாதே, போய் நாட்டை ஆள் என்று தருமனை அனுப்பினார். அவர்களும் இந்திரப்பிரத்தம் நோக்கிப் புறப்பட்டுவிட்டார்கள்.

இங்கே நிறுத்திக் கணக்குப் பாருங்கள். நாடு திரும்பிவிட்டது, அடிமைத்தனம் போய்விட்டது. அவமானம் ஆறவில்லை, பீமனின் சபதமும் அப்படியே இருக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் பீமனைக் கட்டிப்போடத் தெரிந்த தருமன் கையில் அரசு இருக்கிறது. அந்த மாலையில் போர் தவிர்க்க முடியாததாக இல்லை. இன்னொன்றும் தெளிவாகிறது. அரசரின் ஒரு சொல்லுக்குத் துரியோதனன் ஜெயித்த அத்தனையும் கைவிட்டுப் போயிற்று. அவனால் எதிர்த்து ஒன்றும் செய்ய முடியவில்லை. அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

துரியோதனன் தந்தையிடம் ஓடுகிறான். இன்னும் ஒரே ஓர் ஆட்டம். தோற்றவர்கள் 12 ஆண்டு வனவாசம், 13ஆம் ஆண்டு யார் கண்ணிலும் படாமல் மறைந்து வாழ வேண்டும், அகப்பட்டால் மறுபடியும் 12 ஆண்டு. அதற்கு அவன் சொல்லும் நியாயத்தைக் கேளுங்கள். அவமானப்பட்டவர்கள் நம்மைச் சும்மா விடமாட்டார்கள். 13 ஆண்டுக்குள் நாம் வேரூன்றி, நட்பரசர்களைச் சேர்த்து, பெரும்படை திரட்டிவிடலாம். திரும்பி வந்தாலும் வென்றுவிடலாம். அதாவது மகன் தந்தையிடம் வைத்தது வெறும் சூதாட்ட ஆசையல்ல, தேதி குறித்த போர்த்திட்டம். அதற்கு அரசர் சொன்ன பதில், "வெகுதூரம் போயிருந்தாலும் சரி, சீக்கிரம் அவர்களைத் திருப்பிக் கூட்டி வா."

இந்த முறை பெரியவர்கள் வாய்மூடி இருக்கவில்லை. பீஷ்மர், துரோணர், விதுரன், அசுவத்தாமன், விகர்ணன், யுயுத்சு எல்லோரும் ஆட்டம் வேண்டாம், சமாதானம் இருக்கட்டும் என்றார்கள். முதல் ஆட்டத்தில், தன்னையே தோற்றவனுக்கு என்னை வைக்க உரிமை உண்டா என்ற பாஞ்சாலியின் கேள்விக்கு, தருமம் நுட்பமானது என்று நழுவினாரே பீஷ்மர், அந்தப் பழி அவருக்கு உண்டு. ஆனால் இரண்டாவது அழைப்பில் அவருக்குப் பங்கில்லை. காந்தாரி தனியே வந்து, இந்த ஒரு பிள்ளையைக் கைவிட்டுக் குலத்தைக் காப்பாற்றுங்கள் என்று கெஞ்சினாள். குலத்துக்கு அழிவு வந்தால் வரட்டும், என்னால் தடுக்க முடியாது, அவர்கள் விரும்புகிறபடியே ஆகட்டும் என்றார் அரசர். சற்று முன்தான் அதே வாயால் எல்லாவற்றையும் ரத்துசெய்தவர்! பிராதிகாமி என்ற தேர்ப்பாகன், பாதி வழி போய்விட்ட தருமனிடம் போய், "உங்கள் தந்தை அழைக்கிறார்" என்றான். துரியோதனன் அழைக்கிறான் என்றல்ல. அந்த அழைப்பில் இருந்தது தந்தை முறையில் நின்ற பெரியப்பா திருதராட்டிரனின் பெயர்.

தெரிந்தே திரும்பி வந்த தருமனுக்கும் பங்கு உண்டு. அவன் அதை ஒருபோதும் மறுக்கவில்லை. போருக்குப் பின் அவன் துயரம் முழுவதும் அந்தப் பொறுப்பைச் சுமப்பதுதான். சகுனி கருவி. தந்தையின் எலும்பால் செய்த பகடை, குலப்பகை என்பதெல்லாம் பின்னால் வந்த கதைகள், வியாசரிடம் இல்லை. பாஞ்சாலி சிரித்ததுதான் காரணம் என்பவர்களுக்கு ஒரு சொல். மாளிகையில் துரியோதனன் தடுமாறி விழுந்த இடத்தில் வியாசர் சிரிக்க வைப்பது பீமனையும் ஏவலர்களையும். பாஞ்சாலி சிரித்தாள் என்பது துரியோதனன் பிறகு தந்தையிடம் சொன்ன புகாரில்தான் வருகிறது. "குருடன் மகன் குருடன்" என்ற வசனம் அங்கே எங்குமே இல்லை. ஒரு பெண்ணின் சிரிப்பின்மேல் 18 அக்குரோணிப் பிணங்களை அடுக்குவது கொடுமை.

13 ஆண்டு கழிந்தது. ஐந்து ஊர் போதும் என்றான் தருமன். ஊசிமுனை நிலமும் இல்லை என்றான் துரியோதனன். தூது வந்த கண்ணன் கடைசியாக ஒரு வழி சொன்னான். துரியோதனன், துச்சாதனன், கர்ணன், சகுனி, இந்த நால்வரையும் கட்டி ஒப்படைத்துவிடுங்கள், குலம் பிழைக்கும் என்றான். நான்கு பேர்! நான் சுதந்திரன் அல்ல, மகனுக்கு நீயே புத்தி சொல் என்று அரசர் ஏற்கெனவே கைவிரித்திருந்தார். அந்த நேரத்தில் அது ஓரளவு உண்மையும்கூட. படையெல்லாம் அதற்குள் மகன் கைக்குப் போய்விட்டது. அந்த 13 ஆண்டை மகனுக்குக் கொடுத்தவர் யார் என்பதைச் சபைக்கு வந்த காந்தாரி நேருக்கு நேர் சொன்னாள். அவன் கெட்டவன் என்று தெரிந்தும் அவன் பேச்சைக் கேட்டீர்கள், குற்றம் உங்களுடையது என்றாள். போர் நடக்கும்போது களச்செய்தி சொன்ன சஞ்சயனும், அரசர் புலம்பும் போதெல்லாம் இதையேதான் சொன்னான்.

நம் ஊர்களில் பாரதக்கூத்தின் முடிவில் படுகளம் நடக்கும்போது, மண்ணில் பெரிதாகக் கிடத்தியிருப்பது துரியோதனன் உருவம். துடை பிளந்து கிடக்கிறவன் அவன்தான். அவன் செய்ததற்கு அவன் அங்கே கிடக்கிறான். அழைப்பை அனுப்பியவருக்கு அந்தக் களத்தில் உருவம் கிடையாது.

போருக்குப் பின் 15 ஆண்டு அவர் தருமனின் ஆதரவில் வாழ்ந்தார். காட்டுக்குப் புறப்படும்முன் அஸ்தினாபுரத்து மக்களைக் கூட்டினார். அறிவுகெட்ட என் மகனின் குற்றத்தாலும், அரசர்களின் செருக்காலும், நான் செய்த தவறாலும் அந்தப் பேரழிவு நடந்தது என்று ஊரறியச் சொல்லி, கைகூப்பி விடை கேட்டார். நான் செய்த தவறு என்று அவர் வாயிலேயே வந்துவிட்டது. மக்கள் அழுதார்கள். அவர்கள் சார்பாகச் சாம்பன் என்ற அந்தணர் எழுந்து, இது உங்கள் குற்றமும் அல்ல, துரியோதனன் குற்றமும் அல்ல, 18 அக்குரோணி 18 நாளில் அழிந்தது விதியின் செயல் என்றார். அரசர் அந்தச் சொல்லை மெச்சி ஏற்றுக்கொண்டு, மக்களுக்கு விடைகொடுத்து, காந்தாரியோடு உள்ளே போனார்.