ஸ்டென்ட் ஏன் மறுபடி அடைத்தது?

நேயர்களுக்கு வணக்கம். நான் பிறந்தது தேவகோட்டைப் பக்கம், இதய மருத்துவராக வேலை பார்ப்பது மதுரையில். காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கமிருந்து வருகிறவர்கள் சிலர் உட்காரும்போதே சொல்வார்கள்: "வச்ச ஸ்டென்ட் திரும்ப அடைச்சிருச்சு டாக்டர், இன்னொன்னு வைக்கணுமாம்." ஸ்டென்ட் என்பது இதய ரத்தக்குழாயின் அடைப்பைத் திறந்து வைக்கும் சின்னக் கம்பிவலைக் குழாய். இந்தப் பேச்சில் ஒரு கேள்வி விட்டுப்போகிறது. ஏன் அடைத்தது?

ஒரு ஆச்சி வந்திருந்தார்கள். எழுபதை நெருங்கும் வயது, பல வருடச் சர்க்கரை. "முகப்புலேர்ந்து அடுப்படிக்குப் போறதுக்குள்ள நெஞ்சு இறுக்குது தம்பி" என்றார்கள். நம் ஊர் வீட்டின் நீளம் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு நடை என்று புரியும். ஆறு வருடம் முன்பு வேறோர் இடத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அது சுருங்கியதும் அதற்குள்ளேயே இரண்டாவது. இப்போது அதே இடம் மூன்றாவது முறையாக அடைத்திருக்கிறது.

ஆஞ்சியோகிராம் எடுக்கும்போது ரத்தக்குழாயில் மருந்துச் சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்க்கிறோம். தெரிவது சாயம் ஓடும் பாதையின் நிழல்தான். நம் ஊரணியை நினைத்துக்கொள்ளுங்கள். மழை நன்றாகப் பெய்தும் வரத்துக்காலில் தண்ணீர் குறைவாக வருகிறது. கரையில் நின்று பார்த்தால் குறைவு என்பது மட்டும் தெரியும். சாலைக்கு அடியில் பதித்த குழாயில் வண்டல் சேர்ந்திருக்கிறதா, வேர் இறங்கியிருக்கிறதா, இல்லை பதித்த அன்றே பாறை நெருக்கிக் குழாய் நசுங்கிவிட்டதா? குனிந்து உள்ளே விளக்கடித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. நசுங்கிய குழாய்க்குள் இன்னொரு குழாயைச் செருகினால் வழி இன்னும் குறுகத்தான் செய்யும்.

அப்படி உள்ளே போய்ப் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஐவஸ், ஒலி அலையால் பார்ப்பது. மற்றது ஓசிடி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியால் பார்ப்பது. இரண்டிலும் கதீட்டர் என்னும் மெல்லிய நுண்குழாய் ஒன்று ஸ்டென்ட்டுக்குள் போய், பின்னோக்கி வரும்போது குழாயைக் குறுக்குவெட்டாகப் படம் எடுக்கும். ஓசிடி மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை பிரித்துக் காட்டும். ஸ்டென்ட்டின் ஒவ்வொரு கம்பியும் தெரியும். ஆனால் படம் எடுக்கும் சில நொடிகள் ரத்தத்தை விலக்கச் சாயம் செலுத்த வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அதனால் ஐவஸ் நல்லது. அதில் இவ்வளவு நுணுக்கம் இல்லை, ஆனால் குழாய்ச் சுவரின் ஆழம் வரை தெரியும்.

ஆச்சிக்கு ஓசிடி செய்தோம். ஸ்டென்ட்டுக்குள் சதை வளர்ந்து அடைத்திருக்கும் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். சதை கொஞ்சம்தான் இருந்தது. முதல் ஸ்டென்ட்டுக்குப் பின்னால் கால்சியம் வளையம் போல் இறுகி நின்றது. 3 மில்லிமீட்டர் விரிய வேண்டிய ஸ்டென்ட் 2 மில்லிமீட்டரில் நின்றுவிட்டிருந்தது. விட்டத்தில் இது மூன்றில் ஒரு பங்குக் குறைவுதான். ரத்தம் ஓடும் பரப்போ பாதிக்கும் கீழே போய்விடுகிறது. அதற்குள்தான் இரண்டாவது ஸ்டென்ட் உட்கார்ந்திருந்தது. அன்று உள்ளே ஒருமுறை பார்த்திருந்தால் அந்த இரண்டாவதை வைத்திருக்கவே மாட்டார்கள் என்று நினைக்கிறேன். இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

குழாய்க்குள் வைத்து ஊதி விரிக்கும் உயர் அழுத்த பலூனுக்கு அந்த வளையம் அசையவில்லை. அப்புறம், சிறுநீரகக் கல்லை உடைப்பதுபோல் அதிர்வலை தரும் பலூனை வைத்துக் கால்சியத்தில் விரிசல் உண்டாக்கினோம். அதன் பிறகு ஸ்டென்ட் விரிந்தது. மருந்து தடவிய பலூனால் ஒற்றி எடுத்து, திரும்ப ஓசிடி பார்த்து, போதுமான அளவு விரிந்தது உறுதியான பிறகே முடித்தோம். மூன்றாவது ஸ்டென்ட் தேவைப்படவில்லை.

எல்லாருக்கும் இதே காரணம் இருக்காது. சிலருக்குச் சதை வளர்ச்சிதான். அதற்கு மருந்து பலூனே போதுமானதாக இருக்கலாம். சிலருக்கு ஆண்டுகள் கழித்து ஸ்டென்ட்டுக்குள்ளேயே புதிதாகக் கொழுப்புப் படிவு வரும். வளைவான இடத்தில் கம்பி முறிந்தும் இருக்கலாம். இந்த இரண்டிலும் புதிய ஸ்டென்ட் தேவைப்படலாம். ஏற்கெனவே இரண்டு மூன்று அடுக்கு இருந்தால் பைபாஸ் பற்றியும் பேச வேண்டும். ஆஞ்சியோவில் இவை எல்லாமே ஒரே குறுகலாகத்தான் தெரியும்.

தென்கொரியாவில் 1639 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. எல்லாரும் சிக்கலான அடைப்பு உள்ளவர்கள். ஸ்டென்ட்டுக்குள் மறுபடி அடைத்தவர்களும் அதில் உண்டு. ஆஞ்சியோவை மட்டும் பார்த்துச் சிகிச்சை செய்தவர்களில் 12.3 சதவீதம் பேருக்கு இதய மரணமோ, அந்தக் குழாயால் மாரடைப்போ, மறுசிகிச்சையோ நேர்ந்தது. உள்ளே படம் பார்த்துச் செய்தவர்களில் அது 7.7 சதவீதம்.

செலவு உண்டு. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட்டுக்கு விலை உச்சவரம்பு வைத்தது. படமெடுக்கும் கதீட்டர் தனிச் செலவு. குடும்பங்கள் தயங்குவது நியாயம்தான். ஆனாலும் முதல் ஸ்டென்ட் அடைத்து இரண்டாவது முறை கேத் லேபுக்குள் (ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைக்கும் அறை) போகிறவர்களுக்காவது இந்தச் செலவு அவசியம் என்பது என் கருத்து. "உள்ளே பார்த்தீர்களா? ஏன் அடைத்ததாம்?" என்று கேளுங்கள். கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம்.

கல்யாணச் சீருக்கு ஒரு கரண்டி விடாமல் கணக்கு எழுதி வைக்கும் ஊர் நம்முடையது. ஸ்டென்ட்டின் பெயர், அகலம், நீளம், வைத்த தேதி எல்லாம் டிஸ்சார்ஜ் தாளில் இருக்கும். அதையும் பழைய ஆஞ்சியோ சிடியையும் அதே பெட்டகத்தில் பத்திரப்படுத்தி, மதுரைக்கோ திருச்சிக்கோ கிளம்பும்போது கையோடு கொண்டுபோங்கள். ஆச்சி வீட்டில் அந்தத் தாளைத் தேடி எடுக்க இரண்டு நாள் ஆனது. முதல் ஸ்டென்ட் 3 மில்லிமீட்டர் அளவுள்ளது என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

வணக்கம்.