5.9 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கல்லூரியில் உடலியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கணையத்தைக் கரும்பலகையில் வரைந்து, இன்சுலின் போகும் வழிக்கெல்லாம் அம்பு போட்டுக் காட்டியே காலம் கழித்தவனுடைய கையில், சென்ற ஆண்டு ஒரு சோதனை அறிக்கை வந்து சேர்ந்தது. சில மாதச் சர்க்கரை நிலவரத்தைக் காட்டும் எச்பிஏ1சி என்ற வரிக்கு எதிரே 5.9 என்று தடித்த எழுத்தில் இருந்தது; பக்கத்தில் மேல்நோக்கிய சிறிய அம்புக்குறி ஒன்று; அடியில், ‘நீரிழிவுக்கு முந்தைய நிலை’ என்ற ஒற்றை வரி. நான் புகைத்ததில்லை, குடித்ததில்லை; நாள் தவறாமல் நாற்பது நிமிடம் நடக்கிறேன்; இனிப்பைக் கையால் தொட்டே பல ஆண்டுகளாகின்றன. அறிக்கையைக் கொடுத்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “யாருக்கும் தெரியாம ஸ்வீட் சாப்பிடுவீங்களோ சார்?” என்று சிரித்தார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கென்னவோ திருட்டுப் பட்டம் கட்டியது போலிருந்தது.

அந்தக் கூச்சம் எனக்கு மட்டும் உரியதன்று. ‘சுகர் பார்டர்ல இருக்கு’ என்று சொல்லும்போது பலருக்கும் குரல் தாழ்ந்துவிடுகிறது. ஒழுங்காக வாழ்ந்தவர்களுக்குக் கூடுதலாகவே தாழ்கிறது. இரத்தப் பரிசோதனை அறிக்கையை நாம் நன்னடத்தைச் சான்றிதழாகப் படித்துப் பழகிவிட்டதே இதற்குக் காரணம் என்பது என் கருத்து. ‘நான் என்ன தவறு செய்தேன்’ என்று இரண்டு வாரம் என்னை நானே குடைந்துகொண்டேன்; ஒன்றும் அகப்படவில்லை. ‘உடலின் எந்த உறுப்பு பின்தங்கியிருக்கிறது’ என்று கேள்வியை மாற்றிக் கேட்ட பிறகுதான் பதில்கள் வரத் தொடங்கின.

அதற்கு முன் அந்த எல்லைக்கோட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 110 மில்லிகிராம் குளுக்கோஸ் என்றிருந்த தொடக்க எல்லையை 2003ஆம் ஆண்டு அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 100ஆகக் குறைத்தது. உலக சுகாதார நிறுவனம் 110லேயே நின்றுகொண்டது. எச்பிஏ1சி அளவில் 5.7 முதல் 6.4 வரை முந்தைய நிலை என்று அதே சங்கம் 2010இல் வகுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு கூடிய பன்னாட்டு வல்லுநர் குழுவோ 6.0இலிருந்துதான் கவலைப்படச் சொல்லியிருந்தது. ஆக, என்னுடைய 5.9 ஒரு குழுவின் கணக்கில் உள்ளே, இன்னொரு குழுவின் கணக்கில் வெளியே. எண்ணை அலட்சியப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. குளுக்கோஸ் ஏற ஏற ஆபத்தும் சரிவுப் பாதையைப் போலச் சீராக ஏறுகிறது. அதில் ஓரிடத்தில் கோடு போட்டவர்கள் மனிதர்கள்.

கோட்டைப் போலவே அளவுகோலையும் ஆராய வேண்டும். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. அந்த ஆயுளில் அதன் ஹீமோகுளோபின்மீது எவ்வளவு குளுக்கோஸ் ஒட்டிக்கொண்டது என்பதைத்தான் எச்பிஏ1சி சொல்கிறது. இரும்புச்சத்துக் குறைந்து சிவப்பணுக்கள் வழக்கத்தைவிட நீண்டநாள் சுற்றிக்கொண்டிருந்தால், சர்க்கரை ஏறாமலேயே இந்த எண் ஏறிவிடக்கூடும். இரத்தம் இழந்தவர்களுக்கும் சிவப்பணு விரைவில் சிதைபவர்களுக்கும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். எனக்கு இரும்புச்சத்து சரியாகவே இருந்தது. மறுமுறை சோதித்தபோது 5.8. வெறும் வயிற்றுச் சர்க்கரை 94. அதில் ஒரு குறையும் இல்லை. பிறகு, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தார்கள். திகட்டத் திகட்டக் குடித்த அந்த ஒரு குவளைதான் உண்மையைச் சொன்னது: 156. அந்தச் சோதனையில் 140க்குள் இருக்க வேண்டும். 200ஐத் தொட்டால் நீரிழிவு.

94, 156 என்ற இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படித்தால் ஒரு துப்பு கிடைக்கிறது. இரவு முழுவதும் நாம் உண்ணாதபோது இரத்தத்துக்குக் குளுக்கோஸ் கொடுப்பது பெரும்பாலும் கல்லீரல். இன்சுலின் சொல்லியும் அது கையை அடக்காவிட்டால் காலை எண் ஏறும். உண்டபின் வருவதை வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய களஞ்சியம் தசை. அது வாங்க மறுத்தால் இரண்டு மணி நேர எண் இறங்காமல் நிற்கும். என் கல்லீரல் ஓரளவு சொன்னபடி கேட்கிறது. தகராறு தசையில்.

இங்கேதான் என் பெருமை ஒன்று உடைந்தது. இளமையில் இருந்த எடையிலிருந்து இரண்டு கிலோகூட ஏறவில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். எடை இயந்திரத்துக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான். வயது ஏற ஏறத் தசை சிறிது சிறிதாகக் கழிந்து அந்த இடத்தில் கொழுப்பு குடியேறினால், முள் அசையவே அசையாது. 2004ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் யாஜ்னிக், யூட்கின் என்னும் இரு ஆய்வாளர்கள் தங்களையே எடுத்துக்காட்டாக வைத்து ஒரு படம் வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறைக் குறியெண் (பிஎம்ஐ) இருவருக்கும் 22.3. ஒருவர் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், மற்றவர் உடலில் 21.2 சதவீதம். மாணவர்களுக்கு அந்தப் படத்தைக் காட்டி வியந்திருக்கிறேன். நான் அந்த இருவரில் யார் என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. அன்று மாலை வீட்டிலுள்ள தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்து, கையூன்றாமல் எழ முயன்றேன். முதல் முறை பின்னுக்குச் சாய்ந்துவிட்டேன். நாள்தோறும் நடந்த நாற்பது நிமிடம் இதயத்துக்கு நல்லது செய்தது; தொடைத் தசையைப் பெருக்க அது போதவில்லை.

நம் கையில் இல்லாத காரணங்களும் உண்டு. 2006இல் அடையாளம் காணப்பட்ட டிசிஎஃப்7எல்2 என்னும் மரபணுவின் சில வடிவங்கள், கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலின் சுரப்பதையே மந்தப்படுத்துகின்றன. கருவில் போதிய ஊட்டம் பெறாத குழந்தை பிற்காலத்தில் நீரிழிவுக்கு ஆளாகும் வாய்ப்பு மிகுதி என்று ஹேல்ஸ், பார்க்கர் என்னும் ஆய்வாளர்கள் 1992இல் முன்வைத்த கருத்தும் இதனோடு சேரும். தூக்கம் ஓரளவு நம் கையில்தான் இருக்கிறது. நான்தான் அதைக் கணக்கில் எடுத்ததில்லை. 1999இல் நலமான இளைஞர்கள் 11 பேரை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கையில் இருக்கவிட்டுப் பார்த்தபோது, குளுக்கோஸைக் கையாளும் அவர்களது திறன் தெளிவாகக் குறைந்தது. ஸ்டீராய்டு போன்ற மருந்துகளும் சர்க்கரையை ஏற்றும். உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலை மருத்துவரிடம் காட்டாமல் உணவை மட்டும் பழிப்பது வீண்.

ஒல்லியானவர்கள் ஒரு செய்தியைக் கேட்டறிய வேண்டும். சிலருக்கு உடலின் எதிர்ப்பாற்றலே பீட்டா செல்களை மெல்ல அழித்துவரும். எண்கள் விரைவாக ஏறினால் அதற்கான எதிர்ப்பொருள் சோதனை தேவைப்படலாம். வேறு சிலருக்குக் குளுக்கோகைனேஸ் என்னும் நொதியின் மரபணு மாற்றத்தால் பிறவியிலிருந்தே வெறும் வயிற்றுச் சர்க்கரை சற்று உயர்ந்து, ஏறக்குறைய அதே அளவில் நிற்கும். பெரும்பாலும் அவர்களுக்குச் சிகிச்சையே வேண்டியதில்லை.

‘வாழ்க்கை முறையை மாற்றினால் 58 சதவீதம் தடுக்கலாம்’ என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வின் முடிவு அது. 3,234 பேர் பங்கேற்றார்கள். எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிடம் உடலை அசைப்பதும் அவர்களில் வாழ்க்கை முறையை மாற்றிய பிரிவினருக்கு வைத்த இலக்கு. சிறந்த ஆய்வுதான். ஆனால் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் உடற்பருமன் உள்ளவர்கள். அந்த அறிவுரையை அப்படியே எடுத்துக்கொண்டு ஏற்கெனவே மெலிந்திருப்பவர் பட்டினி கிடந்தால், கொழுப்போடு தசையும் போகும். களஞ்சியத்தையே இடித்துவிட்டு நெல்லுக்கு இடம் தேடிய கதையாகிவிடும். எனக்குச் சொல்லப்பட்டது வேறு: வாரம் மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி, உணவில் புரதத்தைக் கூட்டுவது, நடையை விடியலிலிருந்து உணவுக்குப் பின் மாற்றிக்கொள்வது. சுருங்கும் தசை இன்சுலினுக்குக் காத்திராமலேயே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். செய்து பார்த்தது இப்போதுதான்.

எட்டு மாதம் கழித்து அந்தக் குவளையை மறுபடியும் குடித்தேன். இரண்டு மணி நேர எண் 139. எச்பிஏ1சி 5.7, அம்புக்குறி அகலவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். உடன்பிறந்தவர்களும் சோதித்துக்கொண்டால் நல்லது என்றதால் தம்பியையும் அழைத்துப் போனேன். உண்பதில் கணக்கே பார்க்காதவன், தொந்தியும் உண்டு, அவனுக்கு 5.2. வீடு வந்து சேரும்வரை அவன் சிரித்துக்கொண்டே வந்தான்.