பிள்ளை பெறச் சொல்லும் முன், வேலைக்கு வழிவிடுங்கள்

நடுவர் அவர்களுக்கும் எதிரணி நண்பர்களுக்கும் வணக்கம். முதியோர் பெருகும் நாட்டில் உழைக்க ஆள் வேண்டுமென்றால் பிள்ளைப்பேறு கூடியே ஆக வேண்டும் என்று எதிரணித் தலைவர் ஜப்பானைக் காட்டி முழங்கிவிட்டுப் போனார். சரி, நானும் ஜப்பானையே எடுத்துக்கொள்கிறேன்.

அங்கே 15 முதல் 64 வயது வரை உள்ளவர்கள் 1995இல் ஏறத்தாழ 8.7 கோடி. 2024இல் 7.4 கோடிக்கும் கீழே வந்துவிட்டார்கள். அப்படியானால் வேலை பார்ப்பவர்களும் குறைந்திருக்க வேண்டுமே? இல்லை ஐயா, அதே காலத்தில் 6.4 கோடியாக இருந்தவர்கள் 6.7 கோடியைத் தாண்டிவிட்டார்கள்! இவர்கள் புதிதாகப் பிறந்து வந்தவர்களா? அதுவரை வீட்டோடு இருந்த பெண்கள், 65 வயதைத் தாண்டியும் வேலைக்குப் போகும் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்கள், அப்புறம் பிழைக்க வந்த வெளிநாட்டவர் சுமார் 23 லட்சம் பேர்.

"அதில் பாதி பகுதிநேர வேலைதானே" என்று எதிரணியில் முணுமுணுப்பது காதில் விழுகிறது. ஏன் பகுதிநேரம் என்றுதான் நானும் கேட்கிறேன். டிசம்பர் மாதம், கடையில் கூட்டம் அலைமோதும் நேரம், அப்போது பார்த்து அங்கே வேலை செய்யும் குடும்பப் பெண்கள் மேலாளரிடம் போய் "எனக்கு ஷிஃப்டைக் குறைத்துப் போடுங்கள்" என்று கேட்பது அந்த நாட்டில் வருடா வருடம் நடப்பது. 2024 வரை ஆண்டுச் சம்பளம் 10.3 லட்சம் யென்னைத் தாண்டினால் வரி, இன்னும் கொஞ்சம் மேலே போனால் கணவரின் காப்பீட்டிலும் இடமில்லை. ஆள் இல்லை, ஆள் இல்லை என்று புலம்பிக்கொண்டே, வந்தவர்களைச் சட்டமே திருப்பி அனுப்பியிருக்கிறது! அந்த வரி வரம்பை உயர்த்த 2025 வரை ஆனது.

வெளிநாட்டுத் தொழிலாளிக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. 1993இல் தொடங்கிய பயிற்சித் திட்டத்தில் போனவர், சம்பளம் சரியில்லை என்றாலும் பொதுவாக முதலாளியை மாற்ற முடியாது, மனைவி மக்களையும் அழைத்துக்கொள்ள முடியாது. அப்படி நடத்தினால் யார் அங்கே வேர்விட்டு உழைப்பார்கள்?

நடுவர் அவர்களே, இன்று பிறக்கும் குழந்தை வேலைக்கு வர இருபது வருடம் ஆகும். படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரைத் தூக்கி உட்கார வைக்க இன்று ராத்திரியே ஆள் வேண்டும். அந்த ஆளை எங்கிருந்து கொண்டுவருவீர்கள், அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் அதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.