ஜார் தந்த பதக்கம்: தகுதிக்கா, தரவரிசைக்கா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ரஷ்யப் பேரரசின் விருதுகள் போற்றியது தகுதியையா, தரவரிசையையா என்பது தலைப்பு. தரவரிசையைத்தான் என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர் புனித ஜார்ஜ் விருதைத் தூக்கிப் பிடித்தார். களத்தில் வீரம் காட்டியவருக்கு மட்டுமே அது என்று முழங்கினார். ஐயா, 1769-இல் அதை நிறுவிய பேரரசி இரண்டாம் காத்தரீன், அதன் நான்கு வகுப்புகளில் உச்சமான முதல் வகுப்பை யாருக்குச் சூட்டினார் தெரியுமா? தமக்கே! எந்தப் போரில் வாள் சுழற்றினார் என்று நண்பர்தான் சொல்லவேண்டும். நான்காம் வகுப்போ, 1855 வரை, 25 ஆண்டு அதிகாரியாக இருந்தாலே கிடைத்தது. தளபதி குதுசோவ் போன்றவர்கள் உண்மையிலேயே வீரர்கள், மறுக்கவில்லை. ஆனால் நான்கு வகுப்பும் பெற்றவர் மொத்தமே நால்வர்.

சரி, அரசு அலுவலகத்துக்கு வாருங்கள். அங்கே ஸ்தனிஸ்லாவ், அன்னா, விளாதிமிர் என்ற விருதுகளைப் படிப்படியாகத்தான் பெறவேண்டும். முதலில் ஸ்தனிஸ்லாவ் மூன்றாம் வகுப்பு. பிறகு அன்னா மூன்று. மறுபடி ஸ்தனிஸ்லாவ் இரண்டு, அன்னா இரண்டு. அப்புறம்தான் விளாதிமிர் நான்கு. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பொதுவாகப் படி தாண்ட விடமாட்டார்கள். பதக்கம் சும்மாவும் வராது. பேரரசின் கடைசிக் காலத்தில் ஸ்தனிஸ்லாவ் மூன்றாம் வகுப்புக்குக் கட்டணம் 15 ரூபிள். உச்சியில் இருந்த ஆந்திரேய் விருதுக்கு 500. (வாங்குகிறவரே கட்டவேண்டும் ஐயா, கொடுக்கிறவர் அல்ல!) அந்தப் பணத்திலிருந்து சிலருக்கு ஓய்வூதியம் தந்தார்கள். அதுவும் யார் முன்னால் பெற்றார் என்ற மூப்பு வரிசைப்படிதான்.

அந்த ஆந்திரேய் விருதுக்கு வருவோம். தளபதிகள் தலை நரைத்த பிறகு ஏங்கி நின்ற விருது. பேரரசர் பாவெல் 1797-இல் போட்ட விதிப்படி, அரச குடும்பத்து ஆண் குழந்தைக்கு ஞானஸ்நானத்தின்போதே அதை அணிவித்தார்கள். பாவம், பச்சைக் குழந்தை! அதுவரை அது செய்த சேவை, பிறந்தது ஒன்றுதான்.

நடுவர் அவர்களே, இனி வருவதுதான் எங்கள் வலுவான வாதம். 1845-க்கு முன் அன்னா விருதின் எந்த வகுப்பைப் பெற்ற அதிகாரிக்கும் பரம்பரைப் பிரபுத்துவம் கிடைத்தது. மகனும் பேரனும்கூடப் பிரபுக்கள். குமாஸ்தா வீட்டுப் பிள்ளைகள் அந்த வழியாக உள்ளே வந்தார்கள். 1845-இல் அதை முதல் வகுப்புக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். மிச்சமிருந்த வழி விளாதிமிர் நான்காம் வகுப்பு. 1900-இல் அதையும் அடைத்தார்கள். பதக்கம் தகுதியை அளந்தது என்றால், கீழிருந்து ஆட்கள் ஏறி வந்ததும் விதியை மாற்றியது ஏன்? எதிரணித் தலைவர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும்.