தானாகவே அணைந்துவிடும் வைஃபை

நேயர்களுக்கு வணக்கம். கைபேசி பழுது பார்க்கும் மேசையில் 14 வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். இன்று ஒரே ஒரு கோளாறைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். வைஃபை பொத்தானைத் தொடுகிறீர்கள். அது நகர்கிறது, கொஞ்சம் யோசிக்கிறது, சில நொடியில் தானாகவே பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. சில போன்களில் பொத்தான் சாம்பல் நிறத்தில் கிடக்கும், தொட்டாலும் அசையாது.

இதையும் 'நெட் வரவில்லை' என்பதையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பொத்தான் ஆன் ஆகி, வீட்டு வைஃபையின் பெயரும் தெரிந்து, அதற்கப்புறம் நெட் வராவிட்டால் ரூட்டரைப் பார்க்கலாம், இணைப்பு கொடுத்தவரைக் கேட்கலாம். பொத்தானே ஆன் ஆகாதபோது ரூட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. கோளாறு போனுக்குள்ளேயே இருக்கிறது.

இதைப் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே ஓர் அக்காவால்தான். தையல் கடை வைத்திருப்பவர். வாடிக்கையாளர்களின் ரவிக்கை அளவுகளைச் சீட்டில் எழுதி, படம் பிடித்து, ஆள் ஆளுக்குப் பெயர் போட்டு போனில் வைத்திருந்தார். ஆறு வருடத்துச் சேகரம். வைஃபை ஆன் ஆகவில்லை என்று ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். அங்கே எதையும் பார்க்காமல் ஃபேக்டரி ரீசெட், அதாவது போனில் இருப்பதையெல்லாம் அழிக்கும் ரீசெட், போட்டுவிட்டார்கள். அளவுகள் எல்லாம் போயின. வைஃபையும் வரவில்லை. என்னிடம் வந்தபோது நான் முதலில் தொட்டது புளூடூத் பொத்தானை. அதுவும் ஆன் ஆகவில்லை. பழுது போனுக்குள் சிப்கள் பொருத்தியிருக்கும் போர்டில் இருந்தது. எத்தனை முறை அழித்தாலும் அது சரியாகியிருக்காது. இதைக் கண்டுபிடிக்க அரை நிமிடம்தான் ஆனது.

ஏன் புளூடூத்தைப் பார்த்தேன் என்று சொல்கிறேன். பெரும்பாலான போன்களில் வைஃபைக்கும் புளூடூத்துக்கும் சேர்த்து ஒரே சிப்தான். நீங்கள் வைஃபை பொத்தானைத் தொட்டதும், போனின் மென்பொருள் அந்தச் சிப்பை எழுப்பி, அது வேலை செய்யத் தேவையான சிறு நிரலை அதற்குள் ஏற்றுகிறது. சிப் பதில் சொன்னால்தான் பொத்தான் ஆனிலேயே நிற்கும். பதில் வராவிட்டால் திரும்பிவிடும். இரண்டு பொத்தானும் நிற்கவில்லை என்றால், சந்தேகம் சிப்பின் பக்கம் போகிறது. புளூடூத் நன்றாக வேலை செய்து வைஃபை மட்டும் மறுத்தால், மென்பொருளில் சரிசெய்ய வாய்ப்பு அதிகம்.

இன்னொரு சோதனையும் உண்டு. செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதிக்குப் போனால் வைஃபை மேக் அட்ரஸ் என்று ஒரு வரி இருக்கும். அது வைஃபைக்கான அடையாள எண். ஐபோனில் 'ஜெனரல்', அதற்குள் 'அபவுட்', அங்கே வைஃபை அட்ரஸ். இரண்டிரண்டாக ஆறு ஜோடி எழுத்தும் எண்ணும் தெரிய வேண்டும். அந்த இடம் வெறுமையாக இருந்தாலோ, கிடைக்கவில்லை என்று காட்டினாலோ, போனுக்குத் தன் சிப்பையே அடையாளம் தெரியவில்லை என்று சந்தேகிக்கலாம். வைஃபை அணைந்திருக்கும்போது சில மாடல்கள் இதைக் காட்டாது. அதனால் புளூடூத் சோதனையையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்.

சரி, மென்பொருள்தான் என்று தோன்றினால்? ஏரோபிளேன் மோடைப் போட்டு அரை நிமிடம் கழித்து எடுங்கள். ஹாட்ஸ்பாட் ஓடினால் நிறுத்துங்கள். ஹாட்ஸ்பாட்டும் வைஃபையும் ஒரே நேரத்தில் ஓடாத போன்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. போனை முழுவதுமாக அணைத்துப் போடுங்கள். ஆண்ட்ராய்டில் சேஃப் மோட் என்று ஒன்று உண்டு. பல மாடல்களில், அணைக்கும்போது வரும் 'பவர் ஆஃப்' எழுத்தை அழுத்திப் பிடித்தால் கேட்கும். அந்த நிலையில் நீங்கள் பதிவிறக்கிய ஆப்கள் ஓடாது. அங்கே வைஃபை ஆன் ஆனால், நீங்கள் ஏற்றிய ஆப்களில் ஒன்று தொல்லை கொடுக்கிறது என்று சந்தேகிக்கலாம். பேட்டரியைக் காப்பாற்றுகிறேன், நெட் வேகத்தைக் கூட்டுகிறேன் என்று சொல்லும் ஆப்களை முதலில் நீக்கிப் பாருங்கள்.

இதற்கும் மசியாவிட்டால் நெட்வொர்க் ரீசெட். செட்டிங்ஸின் தேடல் கட்டத்தில் 'ரீசெட்' என்று தேடினால் வரும். இங்கே மட்டும் நிதானமாகப் படியுங்கள். நெட்வொர்க்கை மட்டும் மாற்றும் வரியும், போனையே துடைத்துவிடும் வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். நெட்வொர்க் ரீசெட்டில் படங்கள் போகாது. சேமித்த வைஃபை கடவுச்சொற்கள், புளூடூத் இணைப்புகள் போன்ற நெட்வொர்க் அமைப்புகள்தான் போகும். வீட்டு வைஃபை கடவுச்சொல்லை முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

'அப்டேட் போட்டேன், போய்விட்டது' என்று பலர் வருவார்கள். ஐபோன் 4எஸ் வைத்திருந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். 2013-இல் ஐஓஎஸ் 7 வந்ததும் பலருடைய போனில் வைஃபை பொத்தான் சாம்பல் நிறமானது. சிலர் ஹேர் டிரையரால் சூடு காட்டினார்கள், சிலர் ஃப்ரிட்ஜில் வைத்தார்கள். சில போன்கள் கொஞ்ச நாள் பிழைத்து, பிறகு மறுபடியும் படுத்தன. சிப்பைப் போர்டோடு பிடித்திருக்கும் ஈயப் புள்ளிகள் மிக நுண்ணியவை. போன் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அவற்றில் ஒன்று விட்டுப்போகலாம். சூடு காட்டினால் அது தற்காலிகமாக ஒட்டும், அவ்வளவுதான். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். உள்ளே இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. சூடேறினால் உப்பும், தீப்பிடிக்கவும் கூடும். ஃப்ரிட்ஜில் வைத்தால் வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோக்கும். தண்ணீரில் விழுந்த போனை அரிசியில் புதைப்பதும் வேண்டாம். அந்தத் துகள்கள் உள்ளே போய்க் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரித்திருக்கிறது.

ஃபேக்டரி ரீசெட் கடைசி முயற்சி. அதற்கு முன் பேக்கப் எடுக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது, பலருக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பும் கூகுள் போட்டோஸும் வழக்கமாக வைஃபை கிடைத்தால்தான் பேக்கப் எடுக்கும். உங்களுக்கோ வைஃபையே இல்லை. அப்படியானால் வைஃபை கெட்ட நாளிலிருந்து பேக்கப்பும் நின்றிருக்கும். இரண்டு ஆப்பிலும் பேக்கப் பகுதிக்குப் போய் மொபைல் டேட்டாவை அனுமதியுங்கள். கடைசி பேக்கப் தேதி இன்றைய தேதியாக மாறியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். டேட்டா போதாவிட்டால் கேபிள் போட்டுக் கணினிக்குப் படங்களை மாற்றிவிடுங்கள்.

சிப்தான் என்றால், அதை எடுத்துப் புது ஈயம் வைத்துப் பொருத்த வேண்டும், அல்லது வேறு சிப் போட வேண்டும். நுண்ணோக்கி வைத்துச் செய்யும் வேலை. நான்கைந்து வருடம் ஓடிய குறைந்த விலை போனுக்கு அந்தச் செலவு வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். மொபைல் டேட்டாவில் ஓட்டலாம். பல ஆண்ட்ராய்டு போன்களில் லேன் அடாப்டர் ஒன்றை சார்ஜர் துளையில் செருகி, ரூட்டரிலிருந்து நேராகக் கேபிள் போட்டாலும் நெட் வரும்.

கடையில் கொடுப்பதாக இருந்தால் நீங்கள் பார்த்ததைச் சொல்லிக் கொடுங்கள்: புளூடூத் ஆன் ஆகிறதா இல்லையா, மேக் அட்ரஸ் தெரிகிறதா, நெட்வொர்க் ரீசெட் போட்டாகிவிட்டதா. அப்புறம், 'என்னைக் கேட்காமல் எதையும் அழிக்கக் கூடாது' என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். அந்தத் தையல்கார அக்கா இப்போது வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக வரவழைத்து மறுபடியும் அளவெடுத்துக்கொண்டிருக்கிறார்.

நன்றி, வணக்கம்.