பந்தயத் தடத்தில் கேமரா: யாரிடம் கேட்பது, எங்கே நிற்பது

நேயர்களுக்கு வணக்கம்.

மோட்டார் பந்தயங்களைப் படம் பிடிக்க ஆசைப்படும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த லென்ஸ் வாங்கலாம் என்பதைத்தான். தடத்தில் எங்கே நிற்கலாம், யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று விசாரிப்பவர்கள் குறைவு. லென்ஸைப் பற்றிச் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆகவே எனக்குக் கிடைத்த இந்தப் பத்து நிமிடத்தை இரண்டாவது கேள்விக்கே தருகிறேன்.

சென்னைக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல தடம் இருக்கிறது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் ஒன்றை அமைத்தது. ஒரு சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். தேசிய அளவிலான கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் இங்கே நடக்கின்றன. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் வேலிக்கு வெகு தொலைவில் நிறுத்தப்படும் ஒரு ரசிகர், இப்படிப்பட்ட தடங்களில் வீரர்களுக்கு மிக அருகில் வந்துவிட முடிகிறது. அருகில் வர முடிவதால்தான் முறையாக நடந்துகொள்ள வேண்டிய பொறுப்பும் கூடுகிறது.

டிக்கெட் வாங்கியவருக்குப் பார்வையாளர் பகுதியில் நிற்க உரிமை உண்டு, அவ்வளவுதான். வாகனங்களும் அணிகளும் தங்கும் பேடாக் பகுதிக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். தடத்தின் ஓரத்தில், தடுப்புக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்க அமைப்பாளர்கள் தரும் ஊடக அனுமதி வேண்டும். அதைப் பெறுபவர் பொதுவாக ஒரு பத்திரிகையின் அல்லது நிறுவனத்தின் கடிதத்தைக் காட்ட வேண்டியிருக்கும். ஆபத்தை அறிந்தே உள்ளே வருகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதன்பின் எண் பொறித்த மேலங்கி ஒன்றைத் தருவார்கள். அதைக் கழற்றி நண்பரிடம் கொடுத்து, 'நீ ஒரு பந்தயம் எடு, நான் ஒரு பந்தயம் எடுக்கிறேன்' என்று மாற்றிக்கொள்வது பெருந்தவறு. எந்த எண் உடையவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதை வைத்துத்தான் விபத்து நேரத்தில் ஆளைத் தேடுவார்கள்.

பத்திரிகைக் கடிதம் இல்லாதவருக்கு வழியே இல்லையா? இருக்கிறது. பந்தயத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே அமைப்பாளர்களுக்கு எழுதுங்கள். நீங்கள் யார், படங்களை என்ன செய்யப்போகிறீர்கள், விற்பீர்களா மாட்டீர்களா என்று நேராகச் சொல்லுங்கள். சிறிய அணிகளுக்கும் எழுதலாம். அவர்களுக்கென ஒதுக்கப்படும் பேடாக் சீட்டுகளில் ஒன்று சில சமயம் மிஞ்சும். பந்தய நாளன்று காலையில் வாசலில் நின்று காவலரிடம் கெஞ்சுவது மட்டும் வேண்டாம். தர முடியாத ஒன்றை அவரிடம் கேட்டு அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடுகிறோம்.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். 2001ஆம் ஆண்டு மெல்போர்ன் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இரண்டு கார்கள் மோதின. ஒரு காரிலிருந்து கழன்ற சக்கரம், பாதுகாப்பு வேலியில் இருந்த குறுகிய இடைவெளி வழியாகப் பாய்ந்து, பின்னால் நின்ற மார்ஷல் ஒருவரைக் கொன்றது. தடத்தோரம் நின்று கொடி காட்டிப் பாதுகாப்பைக் கவனிப்பவரே மார்ஷல். தன்னார்வத்தோடு பணிக்கு வந்தவர் அவர். வேலியில் லென்ஸை நுழைக்க ஓர் இடைவெளி கிடைத்தால் மகிழ்ந்துபோகும் நாம் இதை மறக்கவே கூடாது. 2013இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில், பந்தயத்தின் நடுவே கார்கள் வந்து நின்று சக்கரம் மாற்றும் பிட் லேனில், ஓட்டுநர் மார்க் வெப்பரின் காரில் சரியாகப் பொருத்தப்படாத சக்கரம் ஒன்று கழன்று உருண்டு, துள்ளிப்போய், ஒரு தொலைக்காட்சி ஒளிப்பதிவாளரைப் பின்னாலிருந்து தாக்கியது. கழுத்துப்பட்டை எலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன. அனுபவமுள்ள, முறையான அனுமதி பெற்ற மனிதர். சக்கரம் வந்த பக்கத்தை அவர் பார்த்திருக்கவில்லை. அதன்பிறகு பிட் லேனில் ஊடகத்தினர் நிற்கும் இடத்தைச் சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பு வெகுவாகக் குறைத்துவிட்டது.

வாகனங்கள் வரும் திசைக்கு முதுகைக் காட்டாதீர்கள் என்று மூத்த புகைப்படக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். எடுத்த படம் எப்படி வந்திருக்கிறது என்று திரையைக் குனிந்து பார்ப்பதும் முதுகு காட்டுவதற்குச் சமம். அதைப் பந்தயம் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம். வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்கவும் ஆசைப்பட வேண்டாம். பிடி தளர்ந்த வாகனம் வளைவோடு திரும்பாமல் நேராக வெளியே பாயும், சரளைப் பரப்பையும் டயர் தடுப்பையும் அந்தப் பக்கத்தில்தான் போட்டிருப்பார்கள். அங்கே அருமையான கோணம் கிடைக்கும் என்பது உண்மை. மார்ஷல் அங்கிருந்து விலகச் சொன்னால் மறுபேச்சின்றி விலக வேண்டும். அவர் வெயிலில் காலை முதல் மாலை வரை நின்று நமக்கும் சேர்த்துத்தான் காவல் காக்கிறார். அவரோடு வாதாடுவதில் கழியும் அரை நிமிடம், அவர் கண் தடத்திலிருந்து விலகியிருக்கும் அரை நிமிடம்.

அதற்காகப் பார்வையாளர் மாடத்தில் இருப்பவர் மனம் தளர வேண்டியதில்லை. உயரத்திலிருந்து பார்க்கும்போது பல இடங்களில் வேலி குறுக்கே வருவதில்லை. 200 முதல் 300 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். ஷட்டரை 1/2000 நொடியில் வைத்தால் சக்கரம் உறைந்து, வண்டி நிறுத்திவைத்ததுபோல் தெரியும். 1/125 நொடிக்கு இறக்கி, வண்டியோடு சேர்ந்து இடுப்பிலிருந்து உடலைத் திருப்பிக்கொண்டே எடுத்துப் பாருங்கள். பின்னணி கோடுகளாகக் கரையும், வீரரின் ஹெல்மெட் மட்டும் கூர்மையாக நிற்கும். முதலில் பத்துக்கு ஒன்றுகூடத் தேறாது. பயிற்சிச் சுற்றுகள் நடக்கும் நாளில் கூட்டமும் குறைவு, பழகிக்கொள்ள அதுவே நல்ல நாள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். தொலைவில் போகும் வண்டிக்கு அந்த வெளிச்சம் எட்டாது, அருகில் வரும் வீரரின் கண்ணையோ கூசச் செய்யும். 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்ததுபோன்ற இரவுப் பந்தயங்களில் இது இன்னும் முக்கியம். ட்ரோன் பறக்கவிட எண்ணினால் அமைப்பாளர்களின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அதைப் பையிலிருந்தே எடுக்காதீர்கள்.

பேடாக்கில் வேறு வகை நாகரிகம் தேவைப்படுகிறது. எஞ்சினைத் திறந்துவைத்து வேலை பார்க்கும் மெக்கானிக்கிடம், 'அண்ணா, ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?' என்று கேட்டால் பெரும்பாலும் தலையசைப்பார். சில சமயம், 'இதை வேண்டாம் தம்பி, அந்தப் பக்கம் எடுத்துக்கொள்' என்பார். அணிக்கென்று சில ரகசியங்கள் இருக்கும், ஏன் என்று துருவக் கூடாது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் வீரரின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவது கொடுமை. அவர் மனத்துக்குள் தடத்தின் ஒவ்வொரு வளைவையும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். உடை மாற்றும் இடத்தின் அருகே கேமராவைத் தாழ்த்திவிடுங்கள். பெண் வீராங்கனைகளை வீராங்கனைகளாகவே படம் எடுங்கள். 12, 13 வயதுப் பிள்ளைகளும் இன்று பந்தயத்துக்கு வருகிறார்கள். அவர்களை நெருங்கிப் படம் எடுக்கும் முன் பெற்றோரிடம் கேட்பது கட்டாயம்.

இனி, நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம். 2023 ஜனவரியில் மூத்த ஓட்டுநர் ஒருவரும், அதே ஆண்டு ஆகஸ்டில் 13 வயதுச் சிறுவன் ஒருவனும் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் உயிரிழந்தார்கள். இத்தகைய நேரத்தில் கேமரா என்ன செய்ய வேண்டும்? ஆபத்தை எச்சரிக்கும் மஞ்சள் கொடி அசைகிறது, பிறகு பந்தயத்தை நிறுத்தும் சிவப்புக் கொடி, ஆம்புலன்ஸ் தடத்துக்குள் நுழைகிறது. பேடாக்கில் ஒரு தாயோ மனைவியோ ஒலிபெருக்கியில் யார் பெயர் வருமோ என்று நின்றுகொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் கீழே கிடப்பவரின் படம் யாரோ ஒருவரின் கைப்பேசியிலிருந்து ஊரெல்லாம் பரவி, வீட்டாருக்கு அதன் வழியாகச் செய்தி போய்ச் சேருவதைவிடக் கொடியது வேறில்லை. செய்தியாளருக்குப் பதிவுசெய்யும் கடமை உண்டு, அவருக்கு மேல் ஓர் ஆசிரியரும் உண்டு. ஆர்வத்தினால் படம் எடுக்கும் நமக்கு அந்தக் கடமை கிடையாது. அடிபட்டவரை நாம் எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வாகனங்கள் மோதிய கணம் தற்செயலாக உங்கள் கேமராவில் பதிவாகியிருந்தால் அதை அழித்துவிடாதீர்கள், யாருக்கும் அனுப்பவும் செய்யாதீர்கள். பந்தய அதிகாரிகளிடம் நேரில் போய், 'என்னிடம் இது இருக்கிறது, விசாரணைக்கு வேண்டுமா?' என்று கேளுங்கள். எங்கே, எதனால் பிடி நழுவியது என்று அவர்கள் ஆராய அது உதவக்கூடும்.

எடுத்த படங்கள் உங்களுடையவை. ஆனாலும் அவற்றை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதை டிக்கெட்டின் நிபந்தனைகள் கட்டுப்படுத்தலாம். ஃபார்முலா ஒன்னில் ரசிகர் எடுக்கும் படம் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே, விற்கக் கூடாது. உள்ளூர்ப் பந்தயங்களிலும் நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள். ஒரு நிறுவனம் தன் விளம்பரத்துக்காக உங்கள் படத்தைக் கேட்டால், அதில் இருக்கும் வீரரையும் கலந்து பேசாமல் கொடுக்காதீர்கள். அவருக்கு வேறு விளம்பரதாரரோடு ஒப்பந்தம் இருக்கலாம்.

நம் வீரர்களில் பலர் சொந்தப் பணத்தைப் போட்டு ஓட்டுகிறவர்கள். விளம்பரதாரரைத் தேடி எழுதும் கடிதத்தோடு இணைக்க அவர்களிடம் ஒரு நல்ல படம்கூட இருப்பதில்லை. வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, பந்தயம் முடிந்த அந்த வாரத்திலேயே அவர்களுக்கு இரண்டு மூன்று படங்களை அனுப்பிவையுங்கள். மார்ஷல்களையும் படம் எடுத்து அனுப்புங்கள், அவர்களை யாரும் எடுப்பதில்லை. அடுத்த முறை நீங்கள் அனுமதி கேட்டு எழுதும்போது அந்தப் படங்களையும் கடிதத்தோடு இணைக்கலாம்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.